கன்னிக்காலுக்கு ஒரு வளவு

யாழ்ப்பாணத் தீவுப்பகுதிக் குடும்பங்கள் அலுமாரியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் கலியாண அழைப்பிதழ்களை ஆண்டு வரிசையில் அடுக்கிப் பாருங்கள். மேலே பிள்ளையார், கீழே சுற்றமும் நட்பும், நடுவில் சுபமுகூர்த்த வேளை என்று பலதும் அப்படியே இருக்கும். ஒரு வரி மட்டும் இடம் பெயர்ந்துகொண்டே வந்திருக்கும். அந்த வரியின் தலைப்பே 'இடம்' என்பதுதான். 1980கள் வரை அதற்கு எதிரே பெரும்பாலும் 'மணமகள் இல்லம்' என்று இருந்தது. பிறகு கொழும்பு மண்டபங்கள் வந்தன. பிறகு ரொறன்ரோ, பாரிஸ், சூரிச். இப்போது சில அழைப்பிதழ்கள் மறுபடி ஊருக்கே திரும்புகின்றன. ஆனால் திரும்பும் இடம் வீடு அல்ல, கோயில்.

இந்த மாற்றத்தை வசதி கருதிய ஏற்பாடு என்று கடந்துவிடுவது எளிது. யாழ்ப்பாணத்துச் சைவக் கலியாணத்தின் உள்ளமைப்பை அறிந்தவர்களுக்கு அப்படிக் கடந்துபோக முடியாது. அந்தச் சடங்கு அடிப்படையில் ஒரு வீட்டைப் பற்றிய சடங்கு. வீட்டை எடுத்துவிட்டால் எது மிஞ்சும் என்பதே இங்கே கேள்வி.

இந்தக் கேள்வியைப் புங்குடுதீவில் வைத்துப் பார்க்கலாம். இறுப்பிட்டி அந்தத் தீவின் குறிச்சிகளில் ஒன்று. பிட்டி என்றால் மேட்டு நிலம். வழியில் வரும் அல்லைப்பிட்டியிலும் அதே சொல்தான் இருக்கிறது. யாழ்ப்பாண நகரத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணையூடாக வந்து, கடலுக்குள் நீளும் வாணர் பாலத்தில் ஏறினால் புங்குடுதீவு. தீவின் மேற்கு அந்தலையில் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு. பனையும் உவர்நிலமும் சில நல்ல தண்ணீர்க் கிணறுகளும் கொண்ட பூமி. ஒல்லாந்தர் இதற்கு மிடில்பேர்க் என்றும், நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும், வேலணை இருக்கும் தீவுக்கு லைடன் என்றும் தங்கள் நகரங்களின் பெயரை ஒட்டிவிட்டார்கள். மூன்றில் லைடன் மட்டும் இன்றும் சில ஆவணங்களில் உயிரோடு இருக்கிறது.

முதலில் வீட்டுக் கலியாணத்தைப் பார்ப்போம். அது முகூர்த்த நாளில் தொடங்குவதில்லை, பொன்னுருக்கலில் தொடங்குகிறது. நல்ல நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில், ஆசாரி வந்திருந்து, பெரியவர்கள் பார்த்திருக்கத் தாலிக்கான பொன்னை உருக்குவார். உருகித் திரண்ட பொன்னை வெற்றிலைத் தட்டில் வைத்துச் சபையோருக்குக் காட்டுவார்கள். அன்றைக்கே கன்னிக்காலும் நடப்படும். முற்றத்தில் ஈசான மூலையில் குழி தோண்டி, முள்முருக்குத் தடியொன்றை மஞ்சள் பூசி, மாவிலை கட்டி நிறுத்துவார்கள். முள்முருக்கு வேலிக்கு நடும் மரம். வெட்டி நட்டால் வேர்விடும். அது தழைத்தால் குடி தழைக்கும் என்பது நம்பிக்கை. ஆக, சடங்கின் முதல் நாளே மண் கேட்கிறது. கல் பதித்த தரையில் கன்னிக்கால் நட முடியாது.

முகூர்த்த நாளன்று மாப்பிள்ளை தலைப்பாகையோடு பெண் வீட்டு வாசலுக்கு வருவார். பெண்ணின் தம்பி அவருடைய காலைக் கழுவி மோதிரம் பெறுவான். வாசல் என்று ஒன்று இருப்பதால்தான் இந்தச் சடங்குக்குப் பொருள் உண்டு: இன்னொரு வீட்டுக்குள் நுழைபவனை அந்த வீட்டு ஆண்பிள்ளை வரவேற்கிறான். கன்னிகாதானம் முடிந்ததும் பெண்ணுக்குக் கூறை கொடுபடும். அவள் உள்ளே போய், கூறை மாற்றிக்கொண்டு, மாப்பிள்ளையின் சகோதரி தோழியாக உடன்வரத் திரும்பி வந்த பின்பே தாலி. தமிழ்நாட்டில் மஞ்சள் கயிறு செய்யும் வேலையை யாழ்ப்பாணத்தில் பொற்கொடி செய்கிறது. தாலிக்கொடியின் நிறையை ஒற்றைப்படைப் பவுணில் பேசுவதும் இங்கத்தைய வழக்கம். பிறகு அம்மி மிதித்தல், அருந்ததி பார்த்தல், கோதரிசனம், அறுகரிசி, ஆலாத்தி. அந்த அம்மி அந்த வீட்டு அடுக்களையில் நேற்றுவரை மிளகாய் அரைத்த அம்மி. பசுவும் அந்த வளவுப் பசுவாகவோ அயலவரின் பசுவாகவோ இருந்தது.

அதன் பின்னரும் கலியாணம் முடியாது. மணமக்கள் சேர்ந்து உண்ணும் பூதாக்கலச் சோறு, கால்மாறிப் போதல், நாலாம் சடங்கு என்று இரண்டு வீடுகளுக்கிடையே நடை நீளும். கலியாண நாளில் சைவம் காத்த பந்தலில், நாலாம் சடங்கன்று மச்சம் சமைப்பார்கள். கடல் சூழ்ந்த ஊரில் இது சின்ன விஷயமில்லை. நோன்பு போன்ற நாள் முடிந்து நாளாந்த வாழ்க்கை தொடங்கிவிட்டது என்று மீன்குழம்பு அறிவிக்கும்.

இந்த வீட்டுக்கு ஒரு சட்டப்பக்கமும் உண்டு. யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ், நாட்டு வழக்கங்களை 1706இல் தொகுத்தார். அதைத் தமிழில் பெயர்த்து 12 முதலிமார்களிடம் சரிபார்க்கக் கொடுத்தார்கள். 1707இல் நடைமுறைக்கு வந்த அந்தத் தேசவழமையை, 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் ஆங்கிலேயரும் ஏற்றுக்கொண்டார்கள். அது சொத்தை வழிவழி வந்த முதுசம், பெண்ணுக்குக் கொடுக்கும் சீதனம், கலியாணத்துக்குப் பின் சேர்க்கும் தேடியதேட்டம் என்று பிரிக்கிறது. பழைய ஒழுங்கில் முதுசம் ஆண் வழியிலும் சீதனம் பெண் வழியிலும் இறங்கியது. தாயின் சீதன வளவு மகளுக்குச் சீதனமாகும். அவளிடமிருந்து அவள் மகளுக்கு. மாப்பிள்ளை அந்த வளவுக்கு வந்து குடியேறுவார். கலியாணத்துக்கு முன் சீதன உறுதி எழுதப்படும். அதனால் 'மணமகள் இல்லம்' என்று அழைப்பிதழில் அச்சிடப்பட்ட இடம், பெரும்பாலும் அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு உரித்தாகும் இடமாகவே இருந்தது. சடங்கும் உறுதியும் ஒரே நிலத்தில் கால் ஊன்றின.

இதை நான் பொற்காலமாகச் சொல்லவில்லை. சீதனம் பேசி முடியாமல் எத்தனை பெண்கள் முதிர்ந்தார்கள் என்பதைத் தீவார் அறிவார்கள். 1911இன் திருமண உரிமைகள், மரபுரிமைகள் கட்டளைச் சட்டம் பழைய ஒழுங்கைப் பல இடங்களில் மாற்றியது. ஆனாலும் மனைவி தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்ற விதி இன்னும் உயிரோடிருக்கிறது. வளவு அவள் பெயரில், கையெழுத்து அவன் கையில்.

வரலாற்றில் சற்றுப் பின்னே போனால் ஒரு வேடிக்கை எதிர்ப்படும். யாழ்ப்பாணத்தில் கலியாணத்தை வீட்டிலிருந்து வணக்கத்தலத்துக்கு இழுக்க அரசு முயன்றதும் ஒல்லாந்தர் காலத்தில்தான். 1658இல் வந்தவர்கள் ஊர்தோறும் தேவாலயப் பள்ளிக்கூடங்களை நிறுவினார்கள். ஞானஸ்நானமும் கலியாணமும் பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில் பதியப்பட வேண்டும்; பதியாத கலியாணத்துப் பிள்ளைக்கு முதுசம் கோருவதில் சிக்கல் வரும். ஆகவே சைவக் குடும்பங்கள் தோம்புக்காகத் தேவாலயத்தில் ஒரு தடவை, தங்களுக்காக வீட்டில் ஒரு தடவை என்று இரட்டை வாழ்க்கை வாழ்ந்தன. ஒல்லாந்தர் போனதும் தேவாலயக் கலியாணம் கலைந்துபோயிற்று. வீட்டுச் சடங்கு நின்றது.

அதைவிடப் பழையதைத் தேடுகிறவர்கள் அகநானூற்றின் 86ஆம், 136ஆம் பாடல்களுக்குப் போவார்கள். அங்கே புரோகிதர் இல்லை, எரியோம்பலும் இல்லை. மணல் பரப்பிய பந்தர் இருக்கிறது, உழுந்து கலந்த சோறு இருக்கிறது, மகப்பெற்ற மங்கலப் பெண்கள் பெண்ணை நீராட்டுகிறார்கள். முழுவதும் வீட்டுக் காட்சி. பார்ப்பான் முன்னிருக்கத் தீவலம் வரும் கலியாணத்தைச் சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கும் கண்ணகிக்கும் இளங்கோ நடத்தி வைக்கிறார். அதுவும் மாளிகைப் பந்தலில். யாழ்ப்பாணத்தில் ஐயரை வைத்துச் செலவழிக்க வழியில்லாதவர்களிடையே 'சோறு கொடுத்தல்' என்றொரு எளிய முறை இருந்தது. பெண் சமைத்துப் பரிமாற, மாப்பிள்ளை உண்பார். அதோடு அவர்கள் கணவன் மனைவி. பூதாக்கலச் சோற்றில் அந்தப் பழமையின் சாயல் இருக்கிறது என்பது என் எண்ணம்.

வைதிக முறையும் இதற்கு மாறில்லை. கன்னிகாதானமும் ஏழடியும் வருவது கிருஹ்ய சூத்திரங்களில். கிருஹம் என்றாலே வீடு. கோயிலை ஆளும் ஆகமம் சொல்லும் கலியாணம் தெய்வத்தின் திருக்கல்யாணம். மனிதர் கலியாணம் அங்கே விருந்தாளி. மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணம் நடக்கும் வேளையில் பெண்கள் தங்கள் தாலிக் கயிற்றை மாற்றிக்கொள்வது அந்த எல்லையை நன்றாகக் காட்டுகிறது. அன்று கலியாணம் அம்மனுக்கு. நாம் அதில் நம் தாலியைச் சற்றுத் தொட்டுக்கொள்கிறோம்.

இருந்தும் தென்னகத்தில் கோயில் கலியாணம் பெருவழக்காகிவிட்டது. திருமணஞ்சேரிக்கும் திருவிடந்தைக்கும் வரன் வேண்டிப் போகிறார்கள். திருச்செந்தூரிலும் திருமலையிலும் நேர்த்திக்காகத் தாலி கட்டுகிறார்கள். குருவாயூரில் 2024 செப்டம்பர் 8ஆம் திகதி ஒரே நாளில் முந்நூற்றுக்கு மேற்பட்ட கலியாணங்கள் நடந்தன. யாழ்ப்பாணத்தில் பழைய தலைமுறையின் காதில் 'கோயிலில் வைத்துத் தாலி கட்டினது' என்ற பேச்சு வேறு மாதிரி ஒலிக்கும். காதலித்து ஓடினவர்களா, சீதனம் கொடுக்க வழியற்றவர்களா, தாய்தகப்பன் சம்மதிக்கவில்லையா என்று கேள்விகள் எழும். நேர்த்திக்கடன் ஒன்றுதான் அதற்கு மதிப்பான விதிவிலக்கு.

அந்த ஒலியை மாற்றியது போர். 1990இல் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. 1991 இராணுவ நடவடிக்கையோடு புங்குடுதீவுச் சனத்தில் பெரும்பகுதி கடல் கடந்தது. குடாநாட்டுக்கு, வன்னிக்கு, கொழும்புக்கு, அப்புறம் சுவிஸுக்கும் பிரான்சுக்கும் கனடாவுக்கும். கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்திருந்த குடும்பங்கள் இந்தத் தீவில் ஏராளம். ஆதலால் பிரிந்து வாழ்வது அவர்களுக்குப் புதிதில்லை. ஆனால் முன்பு ஆண்கள் வெளியே, வளவு ஊரில் என்றிருந்தது. இப்போது வளவே ஆளில்லாமல் நின்றது. ஓடு போயிற்று, நிலை கதவு போயிற்று, சுவரைப் பிளந்து ஆல் வளர்ந்தது. 2009இல் போர் முடிந்த பிறகு திரும்பிப் பார்க்க வந்தவர்களில் பலர் முதலில் காசு போட்டுக் கட்டியெழுப்பியது தங்கள் வீட்டை அல்ல, கோயிலை. இது பக்தி மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வீட்டை எழுப்பினால் அதில் இருக்க ஆள் வேண்டும். கோயிலில் இருக்க ஏற்கனவே ஒருவர் இருக்கிறார். ஐந்து நாடுகளில் சிதறிய பங்காளிகளுக்குப் பொதுவாக மிஞ்சிய ஒரே கூரை அதுதான். அதன் கீழே பிள்ளையின் கலியாணத்தை வைக்கும்போது, கோயில் தாய்வழி வளவின் இடத்தை ஏற்கிறது.

தீவுப்பகுதிக் கோயில்களில் இரண்டை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். புங்குடுதீவுக் கடலோரத்தில் இருப்பது கண்ணகை அம்மன் கோயில். இராஜராஜேஸ்வரி என்ற பெயர் பின்னால் சேர்ந்தது. கண்ணகி வழிபாட்டை ஆறுமுக நாவலர் ஏற்கவில்லை. அவருக்குப் பின் யாழ்ப்பாணத்தில் பல கண்ணகி கோயில்கள் ஆகமப் பெயர் தாங்கின. பெயர் மாறினாலும் ஊர் வாயில் அவள் கண்ணகைதான். கடலுக்கு அப்பால் நயினாதீவில் நாகபூஷணி. 64 சக்தி பீடங்களில் ஒன்றென்றும், தேவியின் காற்சிலம்பு விழுந்த தலமென்றும் சைவ சாக்த மரபு கொண்டாடும் இடம். இக்கரையில் சிலம்பால் நீதி கேட்டவள், அக்கரையில் சிலம்பு விழுந்த பீடம். நடுவில் ஒரு சிறு படகுப் பயணம். ஒரு கலியாணப் பெண் இரண்டு கோயிலையும் ஒரே நாளில் கும்பிட்டுவிடலாம்.

நாகபூஷணிக்கும் கலியாணத்துக்கும் நெருக்கம் நாகத்தால் வந்தது. சாதகத்தில் நாகதோஷம் என்று சொல்லப்பட்டுக் கலியாணம் தள்ளிப்போகிறவர்களும், பிள்ளை வரம் கேட்பவர்களும் அங்கே நேர்த்தி வைக்கிறார்கள். தலக்கதையில் ஒரு நாகம் அருகிலுள்ள புளியந்தீவிலிருந்து அம்மனுக்குப் பூக் கொண்டுவருகிறது. கருடன் மறிக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்த மாநாய்கன் என்ற வணிகன் இடையில் புகுந்து சமாதானம் செய்கிறான். கண்ணகியின் தந்தைக்கும் சிலப்பதிகாரத்தில் மாநாய்கன் என்றே பெயர். கடல் வணிகரின் நினைவு இரண்டு கரைகளிலும் ஒரே பெயரில் ஒதுங்கியிருக்கிறது.

மணிமேகலை சொல்லும் மணிபல்லவம் நயினாதீவே என்று கொள்வோர் பலர். எல்லா ஆய்வாளரும் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொண்டால் ஒரு முரண் சுவைக்கும். அந்தக் காப்பியத்தில் மணிமேகலை அத்தீவுக்குக் கொண்டுவரப்படுவது, அவளை விரும்பிய உதயகுமரனிடமிருந்து காப்பாற்றப்படுவதற்காக. கலியாணத்தையே துறந்தவள் ஒதுங்கிய தீவுக்கு இன்று கலியாணம் வேண்டிச் சனம் போகிறது! அவள் அங்கே பெற்ற அமுதசுரபியின் பெயரில்தான் கோயிலின் அன்னதான மண்டபம் இருக்கிறது. கலியாணம் செய்யாதவளின் பாத்திரப் பெயர் தாங்கிய மண்டபத்தில் கலியாணத்துக்கு வந்தவர்களும் பந்தி இருக்கிறார்கள். மணிமேகலையைப் பாடிய சாத்தனார் கோபிக்கமாட்டார், பசி தீர்ப்பதுதான் அவருக்கு முக்கியம்.

கோயிலுக்கு வந்ததால் சடங்கில் என்னென்ன மாறிற்று? நாள் பார்ப்பதில் புதிய கணக்குச் சேர்ந்தது. ஆடியும் மார்கழியும் முன்பே விலக்கு. இப்போது ஆனியில் நயினை அம்மனுக்கோ, வேறு மாதத்தில் தங்கள் கோயிலுக்கோ கொடியேறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். புலம்பெயர்ந்தவர்களுக்கு அதற்குமேல் ஐரோப்பியப் பள்ளி விடுமுறை. கூறை மாற்ற ஓர் அறை தேட வேண்டும். அம்மி மண்டபத்துப் பொது அம்மி. எந்தக் குடும்பத்து மிளகாயும் அதில் அரைபட்டதில்லை. கால் கழுவும் சடங்கு கோபுர வாசலுக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த வாசல் பெண் வீட்டாருடையது அல்ல, தெய்வத்துடையது. இரு பக்கத்தாரும் அங்கே வந்தவர்கள்தான். இதில் ஒரு நன்மையைக் காண்கிறேன். பெண் வீட்டுப் பந்தலில் மாப்பிள்ளை வீட்டார் காட்டும் மிடுக்குக்கு அங்கே இடம் குறைவு.

நாலாம் சடங்கு தேய்ந்தேவிட்டது. கோயில் வீதியில் மச்சம் சமைக்க முடியாது; நாலாம் நாள் பலர் விமான நிலையத்தில் நிற்பார்கள். கன்னிக்கால்தான் மிகவும் பரிதாபம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பூச்சாடி மண்ணில் ஒரு கிளையைக் குத்தி அதைக் கன்னிக்கால் என்கிறார்கள். மறுநாள் சாடி வேறு கலியாணத்துக்குப் போகும். வேர்விட அதற்கு நேரமில்லை.

போனதில் போக வேண்டியதும் இருந்தது. வீட்டுக் கலியாணம் குடிமைகளின் உழைப்பில் நின்றது. வண்ணார் வந்து பந்தலுக்கு வெள்ளை கட்டி, நிலபாவாடை விரிப்பார். அம்பட்டர் மாப்பிள்ளைக்கு முகம் வழிப்பார். யாருக்கு மேளம் பிடிக்கலாம், யாருக்கு வெள்ளை கட்டலாம் என்பதையும் சாதி தீர்மானித்தது. மண்டபமும் கோயிலும் அந்தச் சேவகத்தைக் கூலி வேலையாக்கின, பல இடங்களில் இல்லாமலே ஆக்கின. எனினும் கோயில் என்றால் எல்லோருக்கும் திறந்த கதவு என்று எண்ணிவிடக் கூடாது. 1957இன் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்து பதினோராண்டு கழித்தும், 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. வீட்டு முற்றத்தில் தாலி கட்டிய காலத்தில் சாதி முற்றத்தில் நின்றது. கோயிலுக்கு வந்தபோது அதன் கையில் நிர்வாக சபைப் பதிவேடு இருந்தது. எந்தக் கோயிலில் யார் வீட்டுக் கலியாணம் நடக்கிறது என்று பட்டியலிட்டால் தீவின் சாதி வரைபடம் இன்றும் கிடைத்துவிடும்.

சட்டமும் சடங்கும் பிரிந்துபோனது அடுத்த மாற்றம். சுவிஸில் குடியியல் பதிவு முடியாமல் சமயக் கலியாணம் நடத்தக் கூடாது, பிரான்சிலும் அப்படியே. ஊரிலும் எழுத்து முதலில், தாலி பிறகு என்பது நெடுநாள் பழக்கம். எனினும் ஊரில் எழுத்துக்கும் தாலிக்கும் பக்கத்தில் சீதன உறுதி என்ற மூன்றாவது கடதாசி இருந்தது. அது ஒரு கிணற்றையும் பனைகளையும் வேலியையும் எல்லை குறித்துச் சொன்னது. சூரிச்சில் பதிந்து புங்குடுதீவுக் கோயிலில் தாலி கட்டும் இணைக்கு அந்தக் கடதாசி பெரும்பாலும் இல்லை. அவர்களுடைய அம்மம்மாவின் வளவு எவர் பெயரில் இருக்கிறது என்பதே பல குடும்பங்களில் தகராறு.

கோயில் கலியாணத்தைப் போலி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தேவாலயப் பள்ளித் தோம்பையும் தாண்டி வந்த சடங்கு இது; கூரை மாறினாலும் நிற்கத் தெரிந்தது. ஆனால் இதுவே ஆதிமுதல் வந்த தீவு மரபு என்று கலியாண வீடியோக்களில் குரல் கொடுப்பது பிழை. கோயில் நமக்குத் தந்திருப்பது ஒதுங்க இடம். ஒதுங்கியதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை மறைத்து மரபு என்று பெயர் சூட்டினால் வளவு இரண்டாம் முறையும் அழியும்.

ஆகவே வாசகரிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் பழைய சீதன உறுதியோ, கலியாண அழைப்பிதழோ, பொன்னுருக்கல் படமோ இருந்தால் ஒரு படி எடுத்து நூலக நிறுவனத்தின் எண்ணிம ஆவணகத்துக்குக் கொடுங்கள். 2005 முதல் இப்படிப்பட்டவற்றைச் சேர்த்து வைக்கிறார்கள். கோயில் சபைகள் தங்கள் கலியாணப் பதிவேட்டில் மணமக்களின் பெயரோடு, தாய்வழி வளவு எந்தக் குறிச்சி என்றும் ஒரு வரி எழுதலாம். ஊரில் அம்மம்மா உயிரோடு இருந்தால், அவவுடைய கலியாணத்துக்குக் கன்னிக்கால் எந்த வளவில் நட்டார்கள் என்று இந்த விடுமுறையிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.